வசுதா கோலம் போடாத காலை

மைசூரில் யாரிடமாவது வசுதா, "நாங்க நாலு வருஷம் கடற்கரை ஊர்ல இருந்தோம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். "ஐயோ, கொடுத்து வெச்சவங்க!" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மருமகள் ஸஞ்சனாவும் அதே கட்சிதான். காலையில் அலை, சாயங்காலம் மணலில் நடை, நடுவில் இளநீர். இவர்களுக்கெல்லாம் கடற்கரை ஊர் என்றால் காலண்டர் படம், வேறென்ன!

இருந்து பார்த்தால் தெரியும். அவள் கணவர் செலுவநாராயணனுக்கு பேங்கில் மாற்றல் வந்தது, கர்நாடகக் கரையில் ஹொன்னாவருக்குத் தெற்கே, பெயரைச் சொன்னால் பஸ் கண்டக்டரே யோசிக்கிற ஓர் ஊருக்கு. மேல்கோட்டை ஐயங்கார் வம்சம், பூண்டு வாசனைக்கே முகம் சுளிக்கிற வீடு. போய் இறங்கியதோ மீன்காரர்கள் தெருவில். வேறு வீடு கிடைக்கவில்லை. ஜூனில் பிடித்த மழை செப்டம்பர் வரை விடாது. ஜன்னல் கம்பி ஒரே மழைக்காலத்தில் துருவாக உதிரும். ஜாடியில் உப்பு கசிந்து தண்ணீராக நிற்கும். புடவையில் ஈரம் போனாலும் கருவாட்டு வாசனை போகாது. கடற்கரைக்கு உலாவப் போகிறவர் அங்கே ஒருத்தரும் கிடையாது. அது வேலை செய்கிற இடம், அவ்வளவுதான். யார் வீட்டில் காஸ் தீர்ந்தது, யார் வீட்டில் சண்டை, எல்லாம் தெரு முழுக்கத் தெரியும். முதல் மாதம் வசுதா அழாத நாளே இல்லை.

அவளை அங்கே ஒட்டவைத்தது எதிர்வீட்டு நாகவேணி. மீன் விற்கிறவள். புருஷன் ஜட்டப்பா படகில் போகிறவன். மீன் தொட்ட கையோடு வசுதா வீட்டு கேட்டைத் தொடமாட்டாள். கை கால் கழுவிக்கொண்டுதான் வருவாள். சமைத்ததை இவள் வாங்கமாட்டாள் என்று தெரிந்துகொண்டு முழுத் தேங்காய், வாழைப்பழம், மல்லிகை என்று கொண்டுவந்து வைப்பாள். கன்னடத்தில்தான் பேச்சு. மீன் இறக்குகிற துறையிலிருந்து திரும்பும்போது கூடையோடு நின்று வசுதா வாசல் கோலத்தைப் பார்ப்பாள். "அக்கா, இன்னிக்கு என்ன, மயிலா? கோழி மாதிரி இருக்கே!" என்று வம்புக்கு இழுப்பாள். இரண்டு பேருக்கும் சிரித்து மாளாது.

நாலாவது வருஷம் அக்டோபரில் ஒரு காற்று அடித்தது. படகு கவிழ்ந்து ஐந்து பேரில் நாலு பேர் கரை சேர்ந்தார்கள். ஜட்டப்பா வரவில்லை. மூன்றாம் நாள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் தெருவில் ஒருத்தர் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வரவில்லை. உடல் வராதவரை ஆள் போகவில்லை, அதுதான் அவர்கள் கணக்கு. நாகவேணி குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவன் பங்குக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தாள்.

வசுதாவுக்கு வேறு மாதிரி வளர்ப்பு. தெருவில் சாவு விழுந்தால், எடுக்கிற வரை யார் வாசலிலும் கோலம் கூடாது. அவள் ஒன்றும் பெரிதாக யோசிக்கவில்லை. நாலாம் நாள் காலை வெறும் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மரியாதை என்றுதான் நினைத்தாள், பாவி.

கொஞ்ச நேரத்தில் கேட்டருகே நாகவேணி நின்றாள். "அக்கா, கோலம் எங்கே?"

வசுதா வெளியே வந்து, தலை குனிந்து ஈர வாசலைப் பார்த்தாள்.

"தெருவே அவர் வருவார்னு உக்காந்திருக்கு. நீ ஒருத்தி மட்டும் அவரைக் கொன்னுட்டியா?"

அதற்கப்புறம் நாகவேணி அவளோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து வசுதா ஒரு நாள் விடாமல் போட்டாள். ஜுரத்திலும் போட்டாள். வாய் திறந்து மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லாதவள், மாவால் கேட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுக் கதவு இவள் பக்கம் திறக்கவே இல்லை. ஐந்தாவது மாதம் மைசூருக்கு மாற்றல் வந்தது. நாகவேணி துறைக்குப் போயிருக்கிற வேளை பார்த்து, விடியற்காலையில் லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டாள். கோழை! இது நான் வைத்த பெயர் இல்லை, அவளே தன்னைச் சொல்லிக்கொள்வது.

பத்தொன்பது வருஷம். துளசிக்குத் தண்ணீர் விடும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது, "நாகவேணி, நான் அன்னிக்குத் தெரியாம பண்ணிட்டேன்" என்று மனசுக்குள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

இந்தத் தசராவுக்கு ஒரு போன். "அக்கா, நான் நாகவேணி. நம்ம தெருப் பொம்பளைங்க எல்லாரும் பஸ் பிடிச்சு வந்திருக்கோம். பழைய பேங்க் பியூன்கிட்டதான் நம்பர் வாங்கினேன். மண்டி மொஹல்லாவுல ஒரு லாட்ஜ்ல இருக்கோம்."

வசுதா கட்டின புடவையோடு ஆட்டோ பிடித்து ஓடினாள். லாட்ஜ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. நரைத்த தலை, வெறும் நெற்றி. நாகவேணி எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். டீ வந்தது. ஊர்க்கதை பேசினார்கள். வசுதாவுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கடைசியில் மனசில் இருந்ததைப் போட்டு உடைத்துவிட்டாள்.

"நான் அன்னிக்குக் கோலம் போடாதது பெரிய தப்பு. என்னை மன்னிச்சுடு."

நாகவேணி அவளையே பார்த்தாள். "அதையா இன்னும் வெச்சிருக்கே? அந்தக் கோபம் அன்னிக்கே போச்சு. மறுநாளே போட்டியே! அக்கா மனசு மாறிடுச்சு, அவர் வருவார்னு நினைச்சேன். உன்கிட்டப் பேசினா அழுதுடுவேன்னுதான் பேசலை. துறையிலேர்ந்து வரப்போ முதல்ல உன் வாசலைத்தான் பார்ப்பேன். கோலம் இருந்தா அவர் இருக்கார். பைத்தியம்தான், என்ன பண்றது? ஒருநாள் வரேன், வாசல் வெறிச்சோடிக் கிடக்கு. பூட்டு தொங்குது. பேங்க்ல மாத்தல்னு யாரோ சொன்னாங்க. எனக்கு அதெல்லாம் ஏறலை. கூடையைப் போட்டுட்டு அங்கேயே உக்காந்து வளையலை உடைச்சேன்."

டீ கிளாஸை நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு, குரல் உயர்த்தாமல் கேட்டாள்: "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே, அக்கா?"

பத்தொன்பது வருஷமாக வசுதா ஒத்திகை பார்த்த மன்னிப்பெல்லாம் கோலம் போடாத அந்த நாளுக்கு. பூட்டுத் தொங்கிய நாளுக்கு அவள் ஒத்திகை பார்க்கவே இல்லை.