ரயில் நிலையத்தில் என் அரைப் பாகம்

தொண்ணூற்றொன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் நான் ஓய்வு பெற்றேன். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய ஒரு கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். விடுப்பு விதிகள், நிலையாணைகள், விசாரணை நடைமுறை எல்லாம் மனப்பாடம். இதெல்லாம் தெரிந்த மனிதனை வேலையில் இருக்கும்வரை பத்துப் பேர் தேடி வருவார்கள். வீட்டுக்கு வந்தபின் யாரும் விதி கேட்பதில்லை. ரேஷன் கடையில் வரிசையை எப்படி முறைப்படுத்தலாம் என்று ஒருநாள் கடைக்காரருக்கு விளக்கினேன். அதற்குப் பிறகு என் மனைவி என்னை ரேஷன் கடைக்கு அனுப்பவில்லை.

அந்த வருடம் சிங்கப்பூரிலிருந்து வந்த என் தங்கை மகன் என் பேரனுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தான். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள். பெட்டியின் மேல் தீயணைப்பு வண்டிப் படம் இருந்தது. உள்ளே வண்டி இல்லை, வண்டியாகக்கூடிய கட்டைகள்தான் இருந்தன. பேரன் அதை ஏமாற்று வேலை என்று தீர்மானித்துக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். பெட்டி திறந்தபடி கிடந்தது. நான் உட்கார்ந்து கட்டினேன்.

என்னைப் பிடித்துக்கொண்டது உள்ளே இருந்த கையேடு. வேலையில் இருந்த காலமெல்லாம் நான் படித்த கையேடுகளில் ஒரு விதி இருந்தால் அதற்குக் கீழே ஒரு விலக்கு இருக்கும், விலக்குக்குக் கீழே ஒரு விளக்கம் இருக்கும், விளக்கம் புரியாமல் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருக்கும். இந்தக் கையேட்டில் ஒரு எழுத்துகூட இல்லை. படம் மட்டும்தான். படத்தில் உள்ளபடி வைத்தால் படத்தில் உள்ளது வந்தது. உலகில் இப்படி ஒரு கையேடு எழுத முடியும் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரியவந்தது.

அதிலிருந்து நான் இந்தப் பெட்டிகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். தபால்தலை சேர்க்கிற கிழவனுக்கு ஊரில் மரியாதை உண்டு. பழைய நாணயம் சேர்க்கிறவனை அறிஞன் என்றே சொல்வார்கள். பொம்மைக் கட்டை சேர்க்கிறவன் மட்டும் பேரன் பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். என் பேரனுக்குத் தெரியாமல் அவன் பெயரில் ஒரு அலமாரி நிரம்பியது.

இதில் எனக்குக் கூட்டாளியாக வந்தவர் பழைய கம்பெனியின் மோல்டிங் பிரிவு சூப்பர்வைசர். நாற்பதைத் தாண்டியவர். வடக்குப்பட்டு விவசாயக் குடும்பம். ஓ.டி. கணக்கில் ஏதோ சந்தேகம் கேட்க என் வீட்டுக்கு வந்தார். நான் விதியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கை அலமாரியிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்துச் சேர்த்தது, பிரித்தது, மறுபடி சேர்த்தது. விதியைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்.

அப்போதெல்லாம் இந்தச் சாமான் சென்னையில் கடற்கரை ஸ்டேஷன் எதிரே வெளிநாட்டுப் பொருள் விற்கும் கடைவரிசையில்தான் கிடைக்கும். அதுவும் எது வருமோ, அதுதான். ஒருநாள் இருவருமாகப் போனபோது ரயில் நிலையம் கட்டும் பெட்டி ஒன்று இருந்தது. நடைமேடை, மணிக்கூண்டு, எஞ்சின், இரண்டு பெட்டிகள். எங்கள் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. பஸ்ஸில் தொங்கியே வாழ்ந்தவர்கள் நாங்கள். விலை ஒருவரால் தாங்கக்கூடியதாக இல்லை. பாதிப் பாதி போட்டு வாங்கினோம். நான் பழக்கத்தில் பில் கேட்டேன். அந்த வரிசையிலேயே அந்தச் சொல்லை உச்சரித்த முதல் ஆள் நான்தான் என்பது கடைக்காரர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

அந்த வருடம் ஸ்ரீபெரும்புதூர் என்ற எங்கள் ஊர்ப் பெயர் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்த காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பல வாரங்கள் நெடுஞ்சாலையில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். தண்டலத்துக்கு அருகில் ஒரு போலீஸ்காரர் எங்கள் பெட்டியைத் திறந்து, யாருக்கு என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் பேரனுக்கு என்றோம். சூப்பர்வைசரின் மூத்த பிள்ளை அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். போலீஸ்காரர் பெட்டியை மூடினார்.

யார் வீட்டில் வைப்பது என்று பேச்சு வந்தது. நான் ஒப்படைப்புக் குறிப்பு, சேதப் பொறுப்பு, இரு தரப்புக் கையெழுத்து என்று ஒரு ஏற்பாட்டைச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கெணத்து முறை மாதிரி வச்சிக்கலாம் சார். எங்க கெணறு அண்ணனுக்கும் எனுக்கும் பொதுவு. அவர் முறையில அவர் மோட்டார் போடுவாரு, என் முறையில நான் போடுவேன். எழுத்து இன்னா எழுத்து? மோட்டார் சத்தம் கேட்டா யார் முறைன்னு ஊருக்கே தெரியும்."

அப்படியே ஒரு மாதம் என் வீட்டிலும் ஒரு மாதம் அவர் வீட்டிலுமாக ஸ்டேஷன் இருந்தது. எழுத்து இல்லாமல் நான் செய்துகொண்ட முதல் உடன்படிக்கை அது. நன்றாகத்தான் போயிற்று.

ஆவணியில் ஒரு மாலை, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தார். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள் என்றும், வருகிற ஞாயிறு ஊரார் முன்னிலையில் சாமான்களைப் பங்கு போடுகிறார்கள் என்றும் சொன்னார். நிலம், வீடு பற்றி அவருக்குக் கவலை இல்லை. அதெல்லாம் பேசி முடிந்துவிட்டது. ஆனால் அது அவருடைய முறை மாதம். கட்டி முடித்த ஸ்டேஷன் அவர் வீட்டு பீரோ மேல் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் இருப்பதெல்லாம் பொது என்று அண்ணன் அதையும் சேர்த்துவிட்டார்.

"கழட்டி ரெண்டு குவியலா போட்டு தராசுல வைக்கணும்ங்கறாரு சார். வெங்காயம் மாதிரி."

இந்த நாட்டில் அந்தப் பெட்டிக்கு உதிரிக் கட்டை கிடையாது. ஒன்று தொலைந்தால் தொலைந்ததுதான். பாதி போனால் மீதி ஸ்டேஷன் ஆகாது, வேறு எதுவும் ஆகாது. அடுத்த பெட்டி எப்போது வரும், வருமா என்பதும் தெரியாது. எங்கள் இருவரிடமும் முழுதாக இருந்த பெரிய பொருள் அது ஒன்றுதான்.

வடக்குப்பட்டு நடைமுறையை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பாகத்தில் சேராதவை இரண்டு. மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீர் ஒன்று. வெளியாள் வைத்துவிட்டுப் போன பொருள் மற்றது. இரண்டாவதற்கு அந்த வெளியாளே நேரில் வந்து சொல்ல வேண்டும். தெளிவான விதி. எங்கள் கம்பெனி நிலையாணையைவிட நன்றாக இருந்தது.

"முழுசும் உங்களுதுன்னு சொல்லிடுங்க சார். முடிஞ்சிடும்," என்றார் சூப்பர்வைசர்.

எத்தனையோ விசாரணைகளில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பொய் சொல்ல வந்தவன் முதல் கேள்வியைத் தாண்டிவிடுவான். அவனை முடிப்பது இரண்டாவது கேள்விதான்.

ஞாயிறு காலை போனேன். வாசலில் அண்டா, கட்டில், கலப்பை, அரிசி மூட்டை எல்லாம் இரண்டு பங்காகப் பரப்பியிருந்தது. பெரியவர் பிரித்து வைப்பார், சின்னவர் முதலில் எடுத்துக்கொள்வார். அதுதான் வழக்கம், பிரிக்கிறவருக்கு நியாயம் தானாக வந்துவிடும். நடுவில் ஒரு பெஞ்சில், மணிக்கூண்டோடு எங்கள் ஸ்டேஷன் நின்றது. நடைமேடையில் ஒரு கோழி எதையோ தேடிக்கொண்டிருந்தது.

அண்ணன் அறுபதை நெருங்குகிறவர். தோளில் துண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க, வாங்க. ஸ்டேஷன் மாஸ்டர் வந்துட்டாரு, இனிமே வண்டி கெளம்பும்," என்றார். கூட்டம் சிரித்தது. மரியாதை குறையாமல் அவமானப்படுத்தத் தெரிந்தவர்.

பஞ்சாயத்துப் பேசியவர் முன்னாள் கிராம முன்சீப். அந்தப் பதவியை அரசாங்கம் எடுத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தும் ஊர் அவரை முன்சீப் என்றுதான் கூப்பிட்டது. அவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பொருளுக்கு பில் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"ஆபீசர் வாங்கின சாமானுக்கு பில்லு இல்லியா?" என்று அண்ணன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

முன்சீப் அவரைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "முழுசும் உங்களுதா சார்?"

சூப்பர்வைசர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கேள்வி என்னவாக இருக்கும் என்று நான் யோசித்தேன். அப்படியானால் தம்பி எதற்குப் பணம் போட்டான் என்று அண்ணன் கேட்பார். ஊருக்கே தெரிந்திருக்கும்.

"பாதிதான்," என்றேன்.

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் எழுந்து வந்து மணிக்கூண்டின் கூரையைக் கழற்றினார். அது கழலும் சத்தம் எனக்கு இன்னும் பிடிக்காது. "சரி. ஆபீசருக்குப் பாதி, மீதிய நாங்க பாதி பாதி," என்றார்.

முன்சீப்புக்கு ஒரு சந்தேகம் வந்தது. "பாதின்னா எந்தப் பாதி சார்? கூரையா, தரையா?"

"அப்படி இல்லைங்க. ஒவ்வொரு கட்டையிலும் பாதி."

பிரிபடாத பாகம் என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முன்சீப் ஒரு கட்டையை வாங்கி உள்ளங்கையில் வைத்து, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணனிடம் நீட்டினார்.

"இத பாதியா வெட்டு பாப்போம்."

அண்ணன் அதை வாங்கிப் பெஞ்சில் வைத்தார்.

"வெட்ட முடியாதுன்னா இது கெணறு. கெணத்த நாம பிரிக்கறது இல்ல. முறை போடுறோம். சாருக்கு ஆறு மாசம், உங்களுக்கு மூணு மூணு. மூத்தவன் முறை மொதல்ல, அப்புறம் சாரு."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. தீர்ப்பில் குற்றம் சொல்லவும் இடமில்லை. ஸ்டேஷனைக் காப்பாற்றப் போய், அதற்கு மூன்றாவது உரிமையாளர் ஒருவரைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டு, முதல் மூன்று மாதத்துக்கு அவரிடமே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. என் கண்ணெதிரே அண்ணன் எல்லாவற்றையும் கழற்றி யூரியா சாக்கில் போட்டார். கையேட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"படம் பாத்து வூடு கட்ற ஆளு நான் இல்ல சார்."

சூப்பர்வைசர் சில ஞாயிறுகள் வரவில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் நனைந்துகொண்டு வந்தார். கோபம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வீட்டின் நடுவில் சுவர் எழும்பிவிட்டது என்றும், அண்ணனோடு பேச்சு இல்லை என்றும் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது.

"ஆனா மழை பேஞ்சா சலசலன்னு சத்தம் கேக்குது சார். கட்டையெல்லாம் கொட்டிக் கலக்குறாரு."

எதற்குக் கலக்குவார் என்று இருவருக்கும் தெரியவில்லை. கோழியை விரட்ட எறிகிறாரோ என்று அவர் சொன்னார். எண்ணிக்கை எடுக்காமல் கொடுத்துவிட்டோம் என்று நான் சொன்னேன். அதை நான் பலமுறை சொன்னதாக அவர் பின்னால் குறைப்பட்டார்.

மூன்று மாதம் கார்த்திகையோடு முடிந்தது. மார்கழி முதல் தேதி அடுத்த முறைக்காரனாக நான் போய் நின்றேன். சூப்பர்வைசர் வாசலோடு நின்றுகொள்வதாகச் சொன்னார், ஆனால் என் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார். அண்ணன் எங்களை உள்கூடத்துக்கு அழைத்துப் போனார். நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், பெஞ்சின் மேல் அது இருந்தது.

அது ஸ்டேஷன் இல்லை. ஒரு மாட்டுக் கொட்டகை. அதை ஒட்டி ஒரு பம்புசெட் அறை. நடைமேடை களமாகியிருந்தது. ரயில் பெட்டி ஒன்று கூரை இல்லாமல் தண்ணீர்த் தொட்டியாக இருந்தது. எஞ்சினின் சக்கரங்கள் ஒரு மாட்டு வண்டிக்குப் போயிருந்தன. மணிக்கூண்டின் கடிகாரம் பம்புசெட் அறைக் கதவுக்கு மேல் இருந்தது. கரெண்டு எப்போது வரும் என்று பார்க்க என்று சொன்னார். நான் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தரையில், பெஞ்சில், சாக்கில் ஒரு கட்டைகூட மிச்சமில்லை. எல்லாம் எங்கேயோ உள்ளே போயிருந்தது.

ஒப்படைக்கச் சொன்னேன்.

"மார்கழியில வூட்டப் பிரிக்கக் கூடாது சார். தை பொறக்கட்டும்."

இது வீடு அல்ல, பிளாஸ்டிக் என்று சொன்னேன். முன்சீப் முன்னிலையில் முடிவான முறை என்று நினைவூட்டினேன். காலதாமதம் என் ஆறு மாதத்தில் கழியுமா, அவர் அடுத்த முறையில் கழியுமா என்றும் கேட்டேன். அண்ணன் தம்பியைப் பார்த்தார். சூப்பர்வைசர் தொட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் சொல்றது சரிதான் சார்," என்றார். "மார்கழியில யாரும் பிரிக்க மாட்டாங்க. தொட்டி கெழக்கால இல்ல இருக்கணும், ண்ணா?"

"மேற்கால போட்டாதான் மாடு திரும்ப எடம் கீது. அத அங்கியே வையி."

அவர் அங்கேயே வைத்தார். ஆவணிக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது என்று மொபெட்டில் என்னை வீட்டில் விட வரும்போது சொன்னார்.

கிளம்பும்போது அண்ணன் என்னை நிறுத்தினார். முன்பிருந்த கிண்டல் குரலில் இல்லை.

"பம்புசெட் ரூமுக்கு ரெண்டு ஜன்னலு கொறையுது சார். உங்க வூட்ல இருக்கறதுல ஒத்து வருமா?"

ஒரு பெட்டியின் கட்டையை இன்னொரு பெட்டியோடு கலப்பதில்லை என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. பார்க்கலாம் என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு வடக்குப்பட்டுக்குப் போக ஒரகடம் பஸ்ஸில் ஏறியபோது என் சட்டைப் பையில் இரண்டு ஜன்னல்களும் ஒரு கதவும் இருந்தன. கதவை அவர் கேட்கவில்லை.