நான் ஏறினால் நிற்கும் வண்டி

வண்டலூர் மேட்டிலிருந்து தாம்பரம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். மாமா கொடுத்த பஸ் காசு கைக்குள் வியர்த்துக் கிடந்தது. செங்கல்பட்டிலிருந்து வந்த பஸ் ஒன்று என் பக்கத்திலேயே நின்று, "ஏறுறியா தம்பி?" என்று கண்டக்டர் கேட்கவும் செய்தார். தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். நான் ஏறி அதுவும் நின்றுவிட்டால்? காரில் இருந்தவர்கள் என் சொந்தக்காரர்கள். பஸ்ஸில் அத்தனை பேரும் தெரியாதவர்கள்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. அப்பா எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். என்னை அஸ்தினாபுரத்தில் மாமா வீட்டில் விட்டிருந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. சோறு போட்டார்கள், பள்ளிக்கூடம் அனுப்பினார்கள், தீபாவளிக்குச் சட்டை எடுத்தார்கள்.

மாமாவுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக் கடை. அந்த வருஷம்தான் ஒரு வெள்ளை டீசல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். ஆயுத பூஜைக்கு அதைக் கழுவித் துடைத்து, அவரே பொட்டு வைத்தார். நான் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். விளக்கு, கண்ணாடி, வைப்பர், நான்கு சக்கரம், கடைசியில் டீசல் டேங்க் மூடி. கெட்டியாகக் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மூடியின் நடுவில் வைத்து, அதன்மேல் குங்குமம் தொட்டு, "இதுதான்டா வண்டிக்கு வாய். இத விடலாமா?" என்றார். கடவுள் விஷயத்தில் அவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

அதற்குப் பிறகுதான் வண்டி படுத்த ஆரம்பித்தது. கடைக்கும் வீட்டுக்கும் நன்றாக ஓடும். குடும்பத்தோடு எங்காவது தூரமாகக் கிளம்பினால், பாதி வழியில் மிதித்தாலும் இழுக்காது. இரண்டு முறை இருமும். சைக்கிள்காரன்கூடத் தாண்டிப் போவான். பிறகு நின்றுவிடும். பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தால், ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடி இருமும்.

பம்மலில் பாய் ஒருவர் ஷெட் வைத்திருந்தார். அவர் டீசல் ஃபில்டரை மாற்றினார். டியூபை மாற்றினார். அப்புறம் டேங்கையே இறக்கிக் கழுவினார். மூடியைக் கழற்றப் போன பையனை அதட்டி, "டேய், சாமி பொட்டு கீது, கை படாம புடி," என்று சுத்தமான துணி ஒன்றை விரித்து அதன்மேல் வைக்கச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் அதே மரியாதையோடு மூடியைத் திருகினார். ஏர்போர்ட் வரை ஓட்டிப் பார்த்தார்கள். குதிரை மாதிரி போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போகும்போது படப்பையில் நின்றது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அத்தைதான் கணக்குப் போட்டாள்.

"ஃபில்டர் மாத்தியாச்சு. டியூப் மாத்தியாச்சு. டேங்க் கழுவியாச்சு. நீங்க தனியா கடைக்குப் போனா நிக்குதா?"

"இல்ல."

"நாம மூணு பேரா மட்டும் இங்க பக்கத்துல கீழ்க்கட்டளை போனோமே, நின்னுச்சா?"

"இல்ல. அதுக்கு?"

அத்தை என்னைப் பார்த்துவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். மாமா, "சும்மா இரு. அவன் என்ன டீசல் ஃபில்டரா?" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். மாமாவின் மகள் அவள். நானும் சிரித்தேன். ஆனால் அத்தை சொன்னதில் தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தூரப் பயணங்களில் எல்லாம் நான் இருந்தேன். பைகளைத் தூக்க என்னைத்தான் அழைத்துப் போவார்கள்.

அக்காவுக்குச் செங்கல்பட்டில் மாப்பிள்ளை முடிவானது. நிச்சயதார்த்தம் அன்று மாமா டேங்கை நிரப்பி, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். முன்னால் மாமாவின் சித்தப்பா. பின்னால் அத்தை, அக்கா, சீர்த் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு நான். பெருங்களத்தூர் தாண்டும்வரை மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். வண்டலூர் மேட்டில் வண்டி இருமியது.

பிறகு நின்றது. அக்கா கண் மையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டாள். சித்தப்பாதான் கடிகாரத்தைப் பார்த்து, "நல்ல நேரம் முடியப் போவுது. மாப்ள வீட்டுல என்ன நெனப்பாங்க?" என்றார்.

"நான் வாயத் தொறந்தா பொல்லாதவ," என்றாள் அத்தை. "ஒரே ஒரு தடவ, அவன எறக்கி விட்டுப் பாருங்க."

மாமா என்னைப் பார்க்கவில்லை. இறங்கிப் பின்பக்கம் போனார். டீசல் முள் எப்போதோ செத்துவிட்ட வண்டி அது. குச்சி விட்டுத்தான் அளவு பார்ப்பார். காலையில் நிரப்பியது அவருக்கே தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது வேலை வேண்டியிருந்தது போலும். மூடியைத் திறந்தார். நானும் தட்டுகளை இருக்கையில் வைத்துவிட்டு, யாரும் சொல்வதற்கு முன் இறங்கி நின்றேன். உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது. பாம்போ என்று பயந்து புல்லைப் பார்த்தேன்.

குச்சி விட்டுப் பார்த்து மூடியை மூடினார். பஸ் காசை என் சட்டைப் பையில் வைத்து, "பாத்துப் போடா," என்றார். சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் கிளம்பி, மேட்டில் விறுவிறுவென்று ஏறிப் போனது கார். டீக்கடையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வண்டியைப் பார்த்தார்களா, என்னைப் பார்த்தார்களா, தெரியாது. என் காது இரண்டும் எரிந்தன.

அந்தச் சத்தம் காற்று உள்ளே போன சத்தம். மூடியின் நடுவில், மாமா சந்தனம் அழுத்திய இடத்தில், ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். டீசல் குறையக் குறைய அது வழியாகக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் டேங்க் டீசலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிற்பாடு லாரி கிளீனராகச் சுற்றியபோது, ஓசூர் பக்கம் ஒரு மூடியில் சேறு அடைத்து வண்டி இழுக்காமல் போனது. மூடியைத் திறந்தேன், உஸ்ஸென்றது. அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். "பாம்பாடா?" என்றார் டிரைவர். மாமாவுக்கு எழுதலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் போய்ச் சேர்ந்திருந்தார்.

அன்று நடந்து பீர்க்கன்கரணை வரும்போது கால் வலித்தது. ஒரு பஞ்சர் கடை வாசலில் பழைய டயர்மேல் உட்கார்ந்தேன். கடைக்கார அண்ணன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, "இன்னாடா, எங்கருந்து வர்ற?" என்றார்.

"வண்டலூர். வண்டியில இருந்து எறக்கி விட்டுட்டாங்க."

"டிக்கெட் எடுக்காம வந்தியா?"

"ஆமாண்ணா," என்றேன். அது மானக்கேடு குறைந்த பதிலாக இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். மாமா சந்தோஷத்தில் செங்கல்பட்டிலும் டேங்கை நிரப்பி, போக வர வழியில் மூடியைத் திறந்து குச்சியும் விட்டுப் பார்த்திருந்தார். வண்டி எங்கும் நிற்கவில்லை. அத்தை ஒரு லட்டை என் கையில் வைத்து, "உன்மேல கோவம் இல்லடா. கல்யாணம் முடியற வரைக்கும் வண்டில ஏறாத, சரியா?" என்றாள். அவள் அவ்வளவு அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை. மாமா மட்டும் சட்டையைக் கழற்றப் போனவர், வெகு நேரம் அறையை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூடப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு அந்தப் பஞ்சர் கடைக்குப் போனேன். வேலை கேட்டேன். அண்ணன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, காற்றடிக்கும் டியூபை என் கையில் கொடுத்தார். முதலில் ஒரு பால் வண்டி. நான்கு சக்கரத்துக்கும் அடித்துவிட்டு, சாலை நடுவரை போய் நின்று, அது பெருங்களத்தூர் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்து வந்த வேனையும் அப்படியே பார்த்தேன்.

"டேய், காத்து அடிச்சியா, காசு வாங்கினியா, வந்துகினே இரு. போற வண்டில இன்னா பாக்குற?" என்றார் அண்ணன்.

ஒன்றும் இல்லை என்றேன். அன்று நான் காற்றடித்த ஒரு வண்டிகூட வழியில் நின்றுவிடவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. என்னைப் பற்றி அவருக்குத் தெரிவதற்குள் எத்தனை நாள் இங்கே இருக்க முடியும் என்றுதான் யோசித்தேன்.