மாமனாருக்கு வாசித்த பேப்பர்

வீட்டில் எல்லாரும் மாமனாரை முதுகுக்குப் பின்னால் ‘ஜட்ஜ்’ என்றுதான் சொல்வார்கள். கோர்ட்டு வாசலை மிதித்தவர் இல்லை. லாரி கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் காலையில் பேப்பரை விரித்தால் உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லாமல் மடிக்கமாட்டார். கல்யாணமாகி வந்த புதிதில் மருமகளுக்கும் ஒரு தீர்ப்பு கிடைத்தது. டெலிபோன் ஆபீஸ் வேலையை விட்டுவிட வேண்டும். “பொம்பளை வேலைக்குப் போனா வீடு வீடா இருக்காதும்மா, எங்கப்பா சொல்வாரு” என்றார். புருஷன் அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை. புருஷனே ராஜினாமாவை எழுதி நீட்ட, அவள் கையெழுத்துப் போட்டாள். நல்ல வேலை, அநியாயமாகப் போனது.

வருஷங்கள் கழித்துச் சர்க்கரை நோய் ஜட்ஜின் பார்வையைக் கொண்டுபோனது. பேப்பர் வாசிக்கும் பொறுப்பு மருமகள் தலையில் விழுந்தது. கொஞ்ச காலம் உள்ளதை உள்ளபடி வாசித்தாள். ஒருநாள், வேலைக்குப் போகும் பெண்களை ஒருவர் கேலி செய்து எழுதிய கட்டுரை வந்தது. அதை வாசிக்க அவளுக்கு நா எழவில்லை, தாண்டிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. அதிலிருந்து அவளுக்குக் குளிர்விட்டுப் போயிற்று. பிடிக்காததை விழுங்கினாள். பிடித்ததைக் கண், காது, மூக்கு வைத்து வாசித்தாள். போகப் போக, வெளியூரில் தனியாக இருந்து சம்பாதித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்கள் வாரத்துக்கு ஒருத்தியாக அந்தப் பேப்பரில் பிறந்தார்கள்.

எல்லாம் மகளுக்காக. மகளுக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் லேப் வேலை வந்திருந்தது. தாத்தா தலையசைத்தால்தான் அப்பா தலையசைப்பார். ஜட்ஜ் அசைத்துவிட்டார்.

“காலம் மாறிப்போச்சும்மா. நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன், போகட்டும்.”

மருமகள் அடுப்படிக்குப் போய் அழுதாள். பாதி சந்தோஷம், மீதி என்னவென்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரர் சட்டைக்கு அளவெடுக்க வந்த அன்று குட்டு உடைந்தது. நேற்றைய பேப்பரில் வந்த ஒரு நர்ஸின் கதையை ஜட்ஜ் பெருமையாகச் சொன்னார். தையல்காரர் டேப்பைச் சுருட்டியபடியே, “நானும் அதே பேப்பர்தாங்க. ஒரு எழுத்து விடமாட்டேன். அப்படி ஒண்ணும் வரலையே!” என்றார்.

அவர் போனதும் ஜட்ஜ் மருமகளை உட்காரச் சொன்னார். அவள் எதையும் மறைக்கவில்லை. கத்துவார் என்று பயந்தாள். அவர் கத்தவில்லை.

“கண்ணு மட்டும்தான் போச்சுன்னு நெனச்சேன். என் புத்தியையும் நீ எடுத்துக்கிட்டியா?”

அவளுக்குள் இத்தனை வருஷம் அடைந்து கிடந்தது பொத்துக்கொண்டு வந்தது. “என்னை வேலைய விடச் சொன்னது உங்க புத்தியா மாமா? உங்கப்பா சொன்னதைத்தானே சொன்னீங்க?”

ஜட்ஜ் மடியில் கிடந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

“ஆமா, அவர் சொன்னதுதான்” என்றார். “அப்புறம் போகட்டும்னு சொன்னது நீ வாசிச்சது. இப்ப அதை வாபஸ் வாங்கிக்கறேன். உன் பொண்ணை வரச்சொல்லு. நீ அங்க நிக்காதே.”

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எல்லாம் மண்ணாய்ப் போயிற்றே என்று நினைத்தபடி மருமகள் அடுப்படிக்கு வந்தாள். அடுப்படி வரைக்கும் பேச்சுக் கேட்டது.

“வேலைக்குப் போகணும்கறது உன் ஆசையா, உங்கம்மா ஆசையா?”

மகளின் பதில் சட்டென்று வந்துவிடும் என்று அவள் காத்திருந்தாள்.

“தெரியலை தாத்தா” என்றது மகளின் குரல். “இதுவரைக்கும் யாரும் கேக்கலை. யோசிச்சுச் சொல்லட்டுமா?”

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி, ‘என் ஆசைதான்னு சொல்லுடி’ என்று கத்தவேண்டும் போலிருந்தது அவளுக்கு. இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள்.