சாய்ந்திருந்த கண்ணாடி

தைக்க வாங்கிய சிவப்புத் துணியை அலசிக் காயவைத்து, தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். மடிப்பதற்கு முன் தோளில் போட்டுப் பார்த்தேன். சுவர்க் கண்ணாடியில் முகம்தான் தெரிந்தது. அதைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்த கை அப்படியே நின்றது.

பாளையம்பட்டி வீட்டில் அம்மா துணி தைத்தாள். அலசித் தேய்த்த துணிகளை, வெட்டிய ஓரம் உள்ளே இருக்கும்படி மடித்து, வேப்பிலை போட்டுத் தகரப்பெட்டியில் அடுக்குவாள். ஒருநாள் ஒரு சிவப்புத் துணியின் வெட்டிய ஓரம் வெளியே தெரிந்தது. நாங்கள் வெளியே போயிருந்த அந்தப் பகலில் வீட்டில் இருந்தது அப்பாவின் தங்கை மட்டும்தான். கணவர் இறந்தபின் எங்களோடு வந்து தங்கியிருந்த அத்தை.

“பெட்டியத் தொறந்தியா?”

“இல்ல மதினி,” என்றாள் அத்தை, வெள்ளைச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே.

வெட்டி எடுத்திருப்பாள் என்று அம்மா துணியை விரித்து அளந்தாள். கொஞ்சமும் குறையவில்லை. அதில்தான் சந்தேகம் இன்னும் கூடியது.

“எடுக்கலேன்னா எதுக்குத் தொறந்தா?” என்று என்னிடம் முணுமுணுத்தாள். சுவரில் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்திருந்த கண்ணாடியைப் போகிறபோக்கில் நிமிர்த்திவிட்டு, பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போனாள்.

அத்தையின் தோளில் சிவப்பு எப்படி இருந்தது என்று அந்தக் கண்ணாடிக்கு மட்டும்தான் தெரியும்.