எனக்கு நேர் பின்னால் ஒரு குரல்

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பினாங்குக்கு எங்கள் சைக்கிள் குழுவை நான்தான் நடத்திப் போவதாக ஏற்பாடு. என் வலது காது மந்தமாகிவிட்டதை யாரிடமும் சொல்லவில்லை. பயிற்சியில் பின்னால் லோரி வந்தால் கடைசி ஆள் கத்துவார்; ஒருவர் மாற்றி ஒருவராகக் கத்தி அது முன்னால் போகும் என்னிடம் வந்து சேரும். எனக்கு நேர் பின்னால் வரும் செல்வி அக்காவின் குரல் தெளிவாகவே கேட்டது. சமாளித்துவிடலாம் என்றிருந்தேன்.

தொண்டை கட்டி அக்கா பயிற்சிக்கு வராத அன்று, ரவாங் சாலையில் மற்றவர்கள் கத்தியது எதுவும் காதில் விழாமல் குழிக்காக வலப்பக்கம் வளைந்தேன். லோரி என் கைப்பிடியை உரசிக்கொண்டு போனது.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். "எனக்குக் காது கேக்கலக்கா. இன்னிக்கு எல்லாரையும் சாகடிச்சிருப்பேன்," என்று அழுதேன்.

"கேக்கலன்னு தெரியும் லா," என்றார், வெறும் காற்றாகிவிட்ட குரலில். "பின்ன எதுக்கு இத்தன நாளா தொண்டை கிழியக் கத்துனேன்?"

நானோ, அத்தனை நாளும் காது தேறி வருகிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.