ஆண்கள் பக்கம் நான் போக முடியாது: மாமாவோடு குற்றாலம்

நானும் என் மாமனாரும் நாத்தனார் ராணியும் போன ஆடி மாதம் குற்றாலம் போய் வந்தோம். ஆம்பளைத் துணை இல்லாமல், வயசானவரைக் கூட்டிக்கொண்டு போகிற பெண்களுக்கு உதவும், எழுதுங்கள் என்று ராணி சொன்னாள். நான் எட்டாவது வரைதான் படித்தவள். எனக்குத் தெரிந்த மாதிரிதான் வரும்.

என் வீட்டுக்காரர் சேவியர் உப்பு லாரி ஓட்டினார். தவக்காலத்தில் ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போனவர் கடை வாசலிலேயே விழுந்துவிட்டார். நெஞ்சுவலி, அதோடு போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் யார் கண்ணை விட்டு மறைந்தாலும் அவ்வளவுதான் என்று தோன்றும். ராணி குளிக்கப் போனால்கூட ரெண்டு தடவை கதவைத் தட்டுவேன். "மைனி, சோப்பு போடவாவது விடுங்க" என்பாள்.

மாமாவும் மகனும் வருஷா வருஷம் சாரல் நேரத்தில் குற்றாலம் போவார்கள். இந்தத் தடவை யாரும் பேச்செடுக்கவில்லை. ஒரு நாள் பார்த்தால், மாமா துண்டையும் நல்லெண்ணெய் பாட்டிலையும் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். "நான் மட்டும் போயிட்டு வந்துருதேன்" என்றார். எழுபத்தொரு வயசு. தனியாக விட எனக்குத் தைரியம் இல்லை. போகாதீர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. மூன்று பேருமாகக் கிளம்பினோம். "வருஷப் பூசை முடியல, அதுக்குள்ள அருவியில குளிக்கக் கிளம்பிட்டா" என்று பக்கத்து வீட்டு அக்கா என் காதில் விழும்படியே சொன்னார். செத்து ஒரு வருஷம் ஆகும்போது வைக்கிற அந்தப் பூசை முடிகிறவரை எங்கள் பக்கம் துக்க வீட்டார் உல்லாசமாக எங்கேயும் போவதில்லை. நான் உல்லாசத்துக்கா போனேன்?

தூத்துக்குடியில் காலை ஐந்து மணிக்கு பஸ் ஏறினோம். திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டர். அங்கே தென்காசி பஸ் மாறி இன்னும் ஐம்பத்தைந்து. பாவூர்சத்திரம் தாண்டியதும் காற்றே வேறாக இருந்தது. ஜன்னல் வழியாக முகத்தில் தூறல் அடித்தது. மாமா துடைக்கவில்லை, அப்படியே இருந்தார். எட்டே முக்காலுக்குத் தென்காசியில் இறங்கினோம்.

முதலில் சாமியைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று ஆட்டோவில் ஏறி, கோயிலுக்குப் போங்க தம்பி என்றேன். எங்கள் ஊரில் கோயில் என்றால் மாதா கோயில்தான். அவர் பெரிய கோபுரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "தம்பி, நாங்க வேதக்காரங்க" என்றார் மாமா. "அத முதல்லயே சொல்லப்படாதா தாத்தா? அக்கா பூ வாங்குவாவன்னு கடைக்கு முன்னாடியே நிப்பாட்டிட்டேனே" என்று சிரித்தார். திரும்ப ஆர்.சி. சர்ச்சுக்குக் கொண்டுபோய் விட்டதற்கும் சேர்த்து அறுபது ரூபாய்தான் வாங்கினார்.

கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். சேவியருக்காக வேண்டத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. மாதாவே, இவரையாவது முழுசாக வீட்டுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மாமாவுக்கு மட்டும் எடுத்தோம். சீசன் என்பதால் ரூம் ஆயிரத்து இருநூறு. மூன்று மணிக்கு ராணி தன் அப்பா தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட, மெயின் அருவிக்கு நடந்தோம்.

அங்கே போய் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. நடுவில் தடுப்பு. இத்தனை வருஷம் மாமாவோடு உள்ளே போக அவர் மகன் இருந்தார். இப்போது யார் போவது? தண்ணீர் விழுகிற சத்தத்தில் பேசினால் கேட்கவில்லை. பக்கத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஐம்பது வயசுக்காரர் ஒருவர் நின்றார். அச்சன்புதூரில் வயல் வைத்திருக்கிறவராம். "அண்ணாச்சி, எங்க மாமாவக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றேன்.

"ஏன்மா இப்படி நடுங்குதிய? நான் கூட்டிட்டுப் போறேன். வாங்க பெரியவரே."

இரண்டு பேரும் கூட்டத்தில் மறைந்தார்கள். நான் பெண்கள் பக்கம் போகவில்லை. வெளியிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் சைரன் அடித்தது. தண்ணீர் செம்மண் நிறமாக மாறி, அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற வளைவைத் தொட ஆரம்பித்தது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் விரட்டினார்கள். ஆம்பளைகள் ஈரத்தோடு ஓடி வந்தார்கள். மாமா இல்லை. அண்ணாச்சியும் இல்லை. வருகிறவர்கள் முகத்தை முகத்தைப் பார்க்கிறேன், இல்லை.

ஜெபமாலையைப் பிடித்தேன். சேவியர் போனதிலிருந்து தினமும் ஜெபமாலையில் பத்துப் பத்து மணி உருட்டி முடிக்கும்போதெல்லாம் செத்தவர்களுக்கான ஜெபத்தைச் சொல்லிச் சொல்லி நாக்கு அதற்கே பழகிவிட்டது. என்னை அறியாமல், "நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று மாமாவை நினைத்துச் சொல்லிவிட்டேன். உயிரோடு இருக்கிறவருக்கு நானே சொல்லிவிட்டேனே! வாயைப் பொத்திக்கொண்டேன். ராணிக்குப் புரிந்துவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்து, "மைனி, என்கூடச் சொல்லுங்க. அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று ஆரம்பித்தாள். அவளுக்கு அண்ணன் போனது, இப்போது அப்பா. அவள் என்னைப் பிடித்திருந்தாளா, நான் அவளைப் பிடித்திருந்தேனா, தெரியவில்லை. "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்" என்று வரும் இல்லையா? அந்த "இப்பொழுதும்" என்ற இடத்தில் மட்டும் நான் சத்தமாகச் சொன்னேன்.

கடைசிக் கூட்டத்தோடு அண்ணாச்சி மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். மாமா தலையில் எண்ணெய் அப்படியே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

"யம்மா, இவிய தண்ணிக்குள்ள வரவே இல்ல. செவுத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்காவ. சைரன் அடிச்ச பெறகும் காலு நகரல. பேசிப் பேசிக் கூட்டிட்டு வாரேன்."

"எங்க மாமா போனிய? உசுரே போயிட்டு எனக்கு!" என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் குரல் உயர்த்தியதில்லை.

"அவன்தாம்மா கையப் பிடிச்சிக்கிட்டு நிப்பான். ஒத்தையில எப்படி நிக்கது? பயமா இருந்திச்சி" என்றார்.

பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ரூமில் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தபோது, நான் தவறுதலாகச் சொன்ன ஜெபத்தை ராணி போட்டு உடைத்துவிட்டாள். மாமா என்னையே பார்த்தார். "ஏட்டி, என்னைய உசுரோட அடக்கம் பண்ணிட்டியா?" என்றார். "கல்லறையில வாழைப்பழமாவது வச்சியா?" ராணி சிரித்து உருண்டாள். நானும் சிரித்தேன், அப்புறம் அழுதேன். அன்றைக்கு மாமாதான் முன்னால் ஜெபம் சொல்ல, நாங்கள் பின்னால் சொன்னோம்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் குளிக்கப் போட்டிருந்த தடையை எடுத்துவிட்டார்கள். காலையில் வருகிறேன் என்று முந்தின நாள் சொல்லிவிட்டுப் போன அண்ணாச்சியும் வந்து நின்றார். "இன்னைக்கு நான் விட மாட்டேன் பெரியவரே" என்று மாமா கையைப் பிடித்துக்கொண்டார். நான் ராணி கையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனேன். தலையில் தண்ணீர் விழுந்தால் கண்ணைத் திறக்க முடியாது, காது கேட்காது. அந்த நேரம் யார் இருக்கிறார், யார் இல்லை என்று பார்க்க வழியே இல்லை. பயந்துகொண்டேதான் நின்றேன். ஆனால் நின்றேன். வெளியே வந்தபோது மாமா சொட்டச் சொட்ட நனைந்து, பல் கிட்டிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் குறைவு. சைரன் கேட்டால் செருப்பைத் தேடாமல் வெளியே வாருங்கள். பிரிகிறதுக்கு முன்னால், எந்த இடத்தில் வந்து நிற்பது என்று பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் பேசவில்லை. வயசானவரை ஆண்கள் பக்கம் அனுப்ப ஆள் இல்லையென்றால் கூச்சப்படாமல் யாரிடமாவது கேளுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பார்த்துக்கொண்டால் போதாது.

பயம் போய்விட்டதா என்று ராணி கேட்டாள். போகவில்லை. இதை எழுதும்போது மாமா தனியாகக் கோயிலுக்குப் போயிருக்கிறார், வருஷப் பூசைக்குப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவைக்க. ஏழு மணிக்கு வந்துவிடுவேன் என்றார். இப்போது ஏழேகால். என் போன் மேஜையில்தான் இருக்கிறது. கூப்பிடவில்லை. பத்து அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு, அப்புறம் பார்க்கலாம்.