பனியில் விறைத்த கம்பளிப்பூச்சி

மலைப்பாதையில், சோலூருக்கு முந்தைய வளைவில் பேருந்து நின்றுவிட்டது. குளிருக்கு இன்ஜின் மறுபடி கிளம்ப மறுக்கிறது. எல்லோரும் இறங்கி வெயிலுக்காகக் காத்திருக்கிறோம்.

சாலைக்குக் கீழே சின்னத் தேயிலைத் தோட்டம், உப்பைக் கொட்டியதுபோல் உறைபனி. நேற்று மாலை கன்றுகள்மேல் மூடிவைத்த பெரணித் தழையை ஒரு பெண் விலக்குகிறார். தோட்டம் அவருடையதுதான். தழையைத் தாண்டியும் பனி இறங்கியிருக்கிறது. அருகே இறங்கிப் பார்க்கிறேன். ஓர் இலையில் கம்பளிப்பூச்சி ஒன்று சுள்ளிபோல் விறைத்துக் கிடக்கிறது.

“இலையைத் தின்கிற இதாவது செத்ததே” என்கிறேன்.

“அவசரப்படாதீங்க. வெயில் ஏறட்டும்.”

வெயில் ஏறுகிறது. இதுவரை பச்சையாகத் தெரிந்த இலைகள், வெந்நீர் பட்டதுபோல் கண்ணெதிரே பழுத்துக் கருகுகின்றன. கம்பளிப்பூச்சியின் முடியில் நீர் சொட்டுகிறது. உடம்பு ஒருமுறை சுருங்கி நீள்கிறது. பிறகு நடக்கிறது.

“கன்னுக்குன்னு போத்துனனுங்க. பொழச்சது இது.”

“இனி என்ன செய்வீங்க?”

“போன பனிக்கு எங்க ஊட்டுக்காரரு திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போனாருங்க. இந்தப் பனிக்கு நானும் போகோணுமாட்ட இருக்குது. வேருல உசிரு இருந்தாத் தப்பிச்சேன்.”

பூச்சியைத் தரையில் தட்டிவிட்டுச் செருப்பால் தேய்க்கிறார். அவர் கையிலுள்ள தழைக்குள் இன்னும் நாலைந்து நெளிகின்றன. உதறுகிறார். இரண்டு விழுகின்றன, மற்றவை விடாமல் பற்றிக்கொள்கின்றன.

தழையை அப்படியே வரப்பில் அடுக்குகிறார்.

“வேற தழை ஏதுங்க? சாயங்காலம் இதையேதான் போத்தோணும்.”